ஒரு வாய்க் கஞ்சியில் உயிர் தப்பிய புனிதர்

புனிதர் என்ற சொல்லைக் கேட்டதும் எமது மனக்கண்ணில் வருவது, கோவில் பீடத்தில் பூமாலைகளுக்கும் மெழுகுதிரிகளுக்கும் நடுவே நிற்கும் ஒரு சுரூபம்தான். அவர் உயரத்தில் நிற்பார். நாங்கள் கீழே முழந்தாளில் நிற்போம். அவர் கொடுப்பவர்; நாங்கள் கேட்பவர்கள். எம்மில் சைவப் பெண்கள் பலரும்கூட செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோவிலுக்குப் போய் ஒரு திரி கொளுத்திவிட்டு வருவது இந்த நினைப்போடுதான்.

ஆனால் இலங்கையின் முதலாவது புனிதர் யாழ்ப்பாண மண்ணில் கால் வைத்தபோது கொடுப்பவராக வரவில்லை. கையேந்துபவராக வந்தார். வயிற்றுளைவு நோயினால் எழுந்து நடக்கவும் முடியாமல், ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கிடந்தார். பெயர் தெரியாத ஒரு பெண் கொடுத்த கஞ்சியில் உயிர் தப்பினார். அவர்தான் புனித யோசேவாஸ் அடிகளார். கத்தோலிக்கச் சகோதரிகள் அவரை நன்கு அறிவார்கள். மற்றச் சகோதரிகளும் அவரை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. ஏனெனில் அவரது வாழ்க்கையில் எமக்குத் தேவையான ஒரு பாடம் இருக்கிறது. தாழ்மை என்றால் என்ன, அடங்கிப்போவது என்றால் என்ன என்ற வேறுபாடே அது.

வெறுங்காலோடு நடந்த குரு

யோசேவாஸ் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, அப்போது போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்த கோவாவில், பெனவ்லிம் என்ற ஊரில் பிறந்தார். கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பம். சாதியிலும் கல்வியிலும் மேல்நிலையில் இருந்த குடும்பம். 1676 இல் குருவானார். குருவான நாளிலிருந்து அவர் செருப்பு அணிவதில்லை என்று முடிவு செய்தார். ஏழைகள் வெறுங்காலோடு நடக்கும் நாட்டில், அவர்களுடைய குருவும் அப்படியே நடக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். அடுத்த ஆண்டு, 1677 இல், தன்னை மாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். நிலத்துக்கும் வீட்டுக்கும் உறுதி எழுதும் ஊரில், அவர் தன்னையே எழுதிக் கொடுத்தார்.

சில காலம் கன்னடக் கரையோரத்தில் பணி செய்தார். 1685 இல் பழைய கோவாவில் உள்நாட்டுக் குருக்கள் ஒன்றுகூடி வாழ்ந்த ஒரு சிறிய குழுவில் சேர்ந்து, அதை ஒரு துறவற சபையாக ஒழுங்குபடுத்தினார். ஆனால் அவருடைய மனம் இலங்கையிலேயே இருந்தது. இங்கே கத்தோலிக்க மக்கள் மேய்ப்பன் இல்லாமல் தவிக்கிறார்கள் என்ற செய்தி அவருக்கு நெடுநாட்களாகவே தெரியும்.

வீட்டுக்குள் காக்கப்பட்ட நம்பிக்கை

அந்தத் தவிப்பு எத்தகையது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குரியவை ஆகின. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. பிள்ளைகளின் ஞானஸ்நானமும் மக்களின் திருமணமும் அரசு ஏற்ற சபையின் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவு இல்லாவிட்டால் உரிமைக்கு வழக்குப் பேச முடியாது. ஒரு பத்திரம் இல்லாத காரணத்தால் கச்சேரிக்கும் வீட்டுக்குமாக அலையும் எமது பெண்களுக்கு அந்தக் கஷ்டத்தை விளக்கத் தேவையில்லை.

இப்படி 29 ஆண்டுகள் கழிந்தன. ஒரு தலைமுறை முழுவதும் குருவைக் காணாமல் வளர்ந்தது. ஆனாலும் நம்பிக்கை அழியவில்லை. அது கோவிலில் இருந்து வீட்டுக்குள் போனது. மூப்பர்கள் செபம் சொல்லிக் கொடுத்தார்கள். செபமாலைகளும் சுரூபங்களும் மறைத்து வைக்கப்பட்டன. இரவில் கதவைச் சாத்திவிட்டு மந்திரங்கள் சொல்லப்பட்டன. வீட்டுக்குள் ஒன்று காக்கப்பட்டது என்றால், அதற்குக் காவல் இருந்தவர்களில் பாதிப் பேராவது பெண்கள் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. வரலாற்று நூல்களில் அவர்களுடைய பெயர்கள் இல்லை. அவ்வளவுதான்.

கையேந்தி வந்தவர்

1686 இல் யோசேவாஸ் கோவாவிலிருந்து புறப்பட்டார். அவரோடு யோவான் என்ற பணியாள் இளைஞன் ஒருவனும் வந்தான். குருவின் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, கூலியாள் போல உடுத்திக்கொண்டு, கால்நடையாகத் தெற்கே வந்தார். தூத்துக்குடியில் தோணி ஏறி, மன்னார்க் கரை வழியாக 1687 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 36.

பயணத்தில் பட்ட பசியும் தாகமும் அவரை நோயில் விழுத்தின. கடுமையான வயிற்றுளைவு. யோவானும் நோயில் விழுந்தான். தொற்றுநோய் என்று பயந்த ஊரவர் அவர்களை அண்டவில்லை. அந்நிலையில் ஒரு பெண் அவர்களைக் கண்டு இரங்கி, கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றினார் என்று அடிகளாரின் சரிதம் கூறுகிறது. அவரைச் சரிதம் ஒரு பெண் என்று மட்டுமே குறிப்பிடுகிறது.

சற்று நின்று இந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு இவர் குருவானவர் என்று தெரியாது. ஒரு காலத்தில் இவருக்குச் சுரூபம் வைப்பார்கள் என்றும் தெரியாது. யாரோ ஒரு பரதேசி, நாற்றமடிக்கும் நோயாளி. தன் வீட்டு உலையில் இருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போனார். மறுபக்கம், அந்த நோயாளி படித்தவர், உயர்குடியில் பிறந்தவர், ஒரு சபையின் தலைவர். அந்தக் கஞ்சியை அவர் வெட்கப்படாமல் வாங்கிக் குடித்தார். இலங்கையில் அவர் செய்த இருபத்து நான்கு ஆண்டுப் பணியின் முதல் வேலை கொடுப்பது அல்ல, வாங்கிக்கொள்வதுதான்.

உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையைத் தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டில் முகம் மாறுகிறது, யாருடைய கண் கலங்குகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் கண்டுபிடித்தார். பிச்சைக்காரன் என்றால் எவரும் சந்தேகப்படமாட்டார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் தன்னை வைத்துக்கொண்டபடியால்தான் ஒருவராலும் அவரைத் தடுக்க முடியவில்லை.

சில்லாலை இரவுகள்

நாங்கள் இருக்கும் நீர்வேலி வலிகாமத்தின் கிழக்குப் பக்கம். மேற்குப் பக்கத்தில், பண்டத்தரிப்புக்கு அண்மையில் உள்ளது சில்லாலை. அந்த ஊரின் கத்தோலிக்க மக்கள் உறுதியானவர்கள் என்று அறிந்து அடிகளாரை அங்கே கொண்டுபோய் மறைத்து வைத்தார்கள். பகலில் மறைந்திருப்பார். இரவில் வெளிக்கிட்டு ஊர் ஊராகப் போவார். விடிவதற்கு முன் பூசை முடிந்துவிடும். நோயாளிகளைப் பார்ப்பார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், பிணக்குகளைத் தீர்த்து வைப்பார்.

ஒருவரை வீட்டில் மறைத்து வைத்திருப்பது என்றால் என்ன என்பது எமது தலைமுறைக்குத் தெரியும். மேலதிகமாக ஒரு கோப்பை அரிசி உலையில் போட வேண்டும், ஆனால் அயலவர் அறியக் கூடாது. நாய் குலைத்தால் நெஞ்சு இடிக்கும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாய் தவறிச் சொல்லிவிடுமோ என்று பயம். படலையில் வந்து விசாரிப்பவருக்கு முகம் மாறாமல் பதில் சொல்ல வேண்டியவள் வீட்டுக்காரி. சில்லாலைப் பெண்களும் இந்தப் பயத்தோடுதான் அந்த இரவுகளைக் கடந்திருப்பார்கள்.

ஒரு நத்தார் இரவில் பூசைக்கென மக்கள் கூடியிருந்தபோது ஒல்லாந்தரின் வீரர் புகுந்தார்கள். அடிகளார் அகப்படவில்லை. மக்கள் அகப்பட்டார்கள். சாட்டையடி, தண்டப்பணம், கடூழியம் எனத் தண்டனைகள் விழுந்தன. அடிபட்டவர்களில் ஒருவர் உயிரிழந்தார். ஆனாலும் அவர் போகும் வழியை ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. 1690 இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு, கண்டி மன்னனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த புத்தளம் பகுதிக்குப் போக நேர்ந்தது. அவர் இடம்பெயர்ந்த பிறகும் மக்களுக்கான தண்டனை அவர்களோடு இங்கேயே இருந்தது. ஒரு புனிதரின் கதையைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

சிறையும் அம்மை நோயும்

1692 இல் அடிகளார் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று யாரோ சொன்ன கோள், அவரைச் சிறையில் தள்ளியது. உண்மையில் எவருக்கும் ஒற்றனாக இல்லாத ஒருவர், இரண்டு அரசுகளுக்கு இடையே அகப்பட்டுச் சந்தேகத்தின் பேரில் அடைக்கப்பட்டார். இந்தக் கதை எமக்குப் புதியதல்ல. எத்தனை பெண்கள் மகனுக்காகவும் கணவனுக்காகவும் தடுப்பு முகாம் வாசல்களில் நின்றிருக்கிறார்கள்! சிறையில் இருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. சிங்களம் கற்றார். காவல் தளர்ந்ததும் ஒரு கொட்டில் போட்டு அதையே கோவிலாக்கினார்.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் பிரபுக்களும் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். வசதி உள்ளவர்கள் ஓடினார்கள். நோய் கண்டவர்களை வீட்டார் காட்டோரங்களில் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளார் ஓடவில்லை. அவரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவரது மருமகன் முறையான குரு யோசேப்பு கர்வாலோவும் நோயாளிகளைத் தேடிப் போனார்கள். புண்களைக் கழுவினார்கள். உணவும் தண்ணீரும் கொடுத்தார்கள். இறந்தவர்களைத் தம் கைகளால் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். நோயாளி பௌத்தரா, கத்தோலிக்கரா என்று கேட்கவில்லை.

புண் கழுவுதல், கஞ்சி பருக்குதல், பீத்துணி மாற்றுதல், பிணம் கழுவுதல்: இவை எமது சமூகத்தில் பெண்களின் வேலைகள். இவற்றுக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. 'சும்மா வீட்டில் இருக்கிறா' என்று சொல்லப்படும் பெண் செய்யும் வேலைகள். இந்த வேலைகளைத்தான் ஒரு புனிதர் தன் வாழ்வின் மிகப் பெரிய பணியாகச் செய்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணின் கையிலிருந்து வாங்கிக் குடித்த கஞ்சியைப் பத்து ஆண்டுகளின் பின் கண்டியில் நூற்றுக்கணக்கான வாய்களுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சேவையைக் கண்ட மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு நாடெங்கும் போய்வரச் சுதந்திரம் கொடுத்தான். பிறகு கோவாவிலிருந்து இன்னும் குருக்கள் வந்தார்கள். அவர்களில் 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதிப் புகழ்பெற்றார். தனியொருவராக வந்த அடிகளார் நாட்டை எட்டுப் பணிப் பிரிவுகளாக வகுத்து ஒழுங்குபடுத்தினார். ஒருமுறைகூடத் தன் ஊருக்குத் திரும்பவில்லை. 1711 ஜனவரி 16 இல் கண்டியில் கண்மூடினார்.

கல்லறை தெரியாத புனிதர்

அடிகளார் கண்டியில் தான் கட்டிய கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் வந்த காலத்தில் அந்தக் கோவில் அழிக்கப்பட்டது. அவர் உடல் இருக்கும் சரியான இடம் எது என்று இன்றுவரை கண்டறியப்படவில்லை.

1995 ஜனவரி 21 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். இருபது ஆண்டுகளின் பின், 2015 ஜனவரி 14 இல், அதே திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடு மாதாவின் திருத்தலத்துக்கு வந்து, போரில் உறவுகளை இழந்த மக்கள் நடுவே செபித்தார். இத்தனை சிறப்புகள் கிடைத்த பிறகும், போய் ஒரு பூ வைப்பதற்கு அந்தப் புனிதருக்குக் கல்லறை இல்லை.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு தெருவோரத்தில் இருக்கும் தாய்மாருக்கும், எங்கே புதைத்தார்கள் என்று தெரியாத மனைவிமாருக்கும் இது ஆறுதல் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஆறுதல் வார்த்தை அல்ல, பதில். அந்தப் பதிலைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் 'ஈமக்கடன் செய்யாத வீடு, விளக்கு வைக்காத கல்லறை' என்று ஊர் பேசும்போது, இடம் தெரியாமல் கிடப்பவர் மதிப்புக் குறைந்தவர் அல்லர் என்பதற்கு இந்தப் புனிதர் சாட்சி.

தாழ்மையும் தாழ்த்தப்படுதலும்

எமது மகளிர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வார்த்தை, 'கை நீட்ட வெட்கமாயிருக்கு' என்பது. வாழைத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்க்கும் பெண், நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பதைத் தன் தோல்வியாக நினைக்கிறாள். நேற்றுச் சமுர்த்தி, இன்று அஸ்வெசும. பெயர்ப் பட்டியலில் தன் பெயரைத் தேடும்போது தலை குனிகிறாள். அதே பெண்ணை, மங்கல காரியத்தில் முன்னுக்கு வராதே என்று உறவினரும் தலை குனிய வைக்கிறார்கள். இதற்கு அவர்கள் வைக்கும் பெயர் அடக்கம், பொறுமை, தாழ்மை.

யோசேவாஸ் அடிகளாரின் தாழ்மை அதுவல்ல. அவர் கஞ்சி வாங்கிக் குடித்தார், ஆனால் கூனிக் குறுகவில்லை. பிச்சை எடுத்தார், ஆனால் தன் நோக்கத்தை விடவில்லை. ஒல்லாந்தர் வராதே என்றார்கள், அவர் வந்தார். பூசை வைக்காதே என்றார்கள், இரவில் வைத்தார். தானாக விரும்பித் தன்னைச் சிறியவனாக்கிக் கொள்வது தாழ்மை. மற்றவர் ஒருவரைச் சிறியவளாக்குவது தாழ்த்துதல். முன்னையது புண்ணியம், பின்னையது அநியாயம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எம்மிடம் சொல்லப்படும்போது நாங்கள் நம்பத் தேவையில்லை.

வாங்குவது வெட்கமல்ல என்பதற்கு எமது சொந்த வரலாறே போதும். 1995 ஒக்ரோபர் 30 இல் தொடங்கிய இடப்பெயர்வில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. நீர்வேலியும் நடந்தது. மழை இரவு. இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை. அந்த வழியில் படலையில் நின்று தண்ணீர் தந்தவர்கள், திண்ணையில் படுக்க இடம் விட்டவர்கள், ஒரு கோப்பைத் தேநீரை நான்கு பேருக்குப் பங்கிட்டவர்கள் எத்தனை பேர்! 2009 இல் முள்ளிவாய்க்காலில் உயிரைப் பிடித்து வைத்திருந்ததும் கஞ்சிதான். ஒவ்வொரு வைகாசியிலும் நாங்கள் அதைக் காய்ச்சிப் பகிர்வது அதனால்தான். கஞ்சி காய்ச்சியவரும் வாங்கிக் குடித்தவரும் ஒருவருக்கு ஒருவர் கடன்பட்டவர்கள் அல்லர். ஒருவரை ஒருவர் உயிரோடு வைத்திருந்தவர்கள்.

எங்கள் பக்தி எப்படி இருக்கட்டும்?

ஆண்டுதோறும் ஜனவரி 16 இல் புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாள் வருகிறது. கத்தோலிக்கச் சகோதரிகள் பூசைக்குப் போவார்கள். மற்றச் சமயத்தவருக்கும் அந்த நாளில் செய்வதற்குச் சில காரியங்கள் உண்டு.

ஒன்று, அயலில் படுக்கையில் கிடக்கும் ஒரு நோயாளியைப் போய்ப் பார்க்கலாம். குறிப்பாக, அந்த நோயாளியைப் பராமரிக்கும் பெண்ணை ஒரு மணித்தியாலமாவது இளைப்பாற விடலாம். தனியே சுமக்கும் பராமரிப்பு அவளையும் நோயாளியாக்கிவிடும். அடிகளார்கூட அம்மை நோய்க் காலத்தில் தனியே நிற்கவில்லை.

இரண்டு, உரிமையான உதவியைத் தயங்காமல் கேட்கலாம். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். உளவளத்துணையும் அப்படியே. நெஞ்சில் உள்ளதைச் சொல்லி அழ ஒருவரைத் தேடுவது பலவீனம் அல்ல.

மூன்று, பெயர்களை எழுதி வைக்கலாம். யோசேவாஸ் அடிகளாரைக் காப்பாற்றிய பெண்ணின் பெயரை அன்று யாரும் எழுதவில்லை. அதனால் இன்று அவருக்கு ஒரு திரி கொளுத்தவும் எமக்கு வழியில்லை. உங்கள் அம்மாவிடம், அம்மம்மாவிடம் கேளுங்கள். 1995 இல் எந்த ஊரில் யார் உங்களுக்கு இடம் தந்தது? முகாமில் பிரசவம் பார்த்தது யார்? காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தது யார்? ஒரு பழைய கொப்பியை எடுத்து அந்தப் பெயர்களைத் திகதியோடு எழுதுங்கள். கேட்டறிந்த பெண் இன்னும் உயிரோடு இருந்தால், ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.